கடிகார நேரமும் கணினி உழைத்த நேரமும்



மகளின் கணினி மெதுவாக ஓடுகிறதாம். புதிது வாங்க இரண்டாயிரம் வெள்ளி கடன் எடுக்கலாமா என்று ஒரு தாயார் கேட்டிருக்கிறார். சற்றுப் பொறுங்கள், அம்மா. அந்தக் கணினி உழைத்துத் திணறுகிறதா, சும்மா காத்து நிற்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதுக் கணக்கல்ல. விடியுமுன் பெரட்டுக்குப் போனவர் மதியம்தான் வீடு திரும்புவார். ஆனால் கத்தி மரத்தில் பட்ட நேரம் எவ்வளவு? பால் வடியக் காத்திருந்ததும், நிறுவைக்கு வரிசையில் நின்றதும் வேறு கணக்கு. கணினியிலும் அப்படித்தான். ஒரு புரோகிராம் தொடங்கி முடிய ஆகும் நேரம் ஒன்று. அதற்காகப் புராசஸர் உழைத்த நேரம் இன்னொன்று. டிஸ்கிலிருந்தோ இணையத்திலிருந்தோ விவரம் வரும்வரை அது காத்துத்தான் கிடக்கும்.

பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட 1960களில், இந்த உழைப்பு விநாடிகளை எண்ணியே பல இடங்களில் கட்டணம் வாங்கினார்கள். யூனிக்ஸ் கணினிகளில் ‘டைம்’ என்றொரு கட்டளை உண்டு. மொத்த நேரம், புரோகிராமின் சொந்த வேலை, அதற்காக இயங்குதளம் செய்த வேலை என மூன்றையும் கிராணியின் செக்ரோல் போலக் காட்டிவிடும்.

விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்தில் பத்தித் தலைப்பின்மேல் வலப்பக்கப் பொத்தானைத் தட்டி, ‘சிபியு டைம்’ என்பதைச் சேருங்கள். ‘சிஸ்டம் ஐடில்’ என்ற பெயருக்கு எதிரே பெரிய எண் இருந்தால் பயப்படாதீர்கள். அது புராசஸர் வேலையின்றி இருந்த நேரம்! நான்கு ஆள் ஒரு மணி உழைத்தால் நான்கு மணி என்று கணக்குப் போடுவோமே, அதுபோலப் பல உட்கருக்கள் உள்ள புராசஸரில் உழைப்பு நேரம் கடிகாரத்தையும் மிஞ்சலாம்.

புரோகிராம் ஐந்து நிமிடம் காக்கவைக்கிறது, உழைப்பு நேரமோ பத்து விநாடிதான் கூடுகிறது என்றால், புராசஸர் மேல் குற்றமில்லை. இணைப்போ, டிஸ்கோ, நினைவகக் குறைவோ காரணமாக இருக்கலாம். அவற்றைச் சரிசெய்ய இவ்வளவு பணம் ஆகாது. யாரும் கேட்காத புரோகிராம் ஒன்று நேரத்தைத் தின்றால் அதை நீக்கிவிடலாம். படிப்புக்குத் தேவையான புரோகிராமே முழு நேரமும் உழைத்துத் திணறினால் மட்டும் புதிது பற்றி யோசியுங்கள்.

பினாங்கு பாயான் லெப்பாஸில் இன்டெல் 1972-இல் தொழிற்சாலை தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே அதற்கு அதுவே முதலாவது. சில்லுக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு, சில்லின் கணக்கைப் பாராமல் கடன்படுவானேன்?

இன்றிரவே மகளை அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கடன் பாரத்தில் கையெழுத்து அப்புறம் போடலாம்.