தோட்டம் பார்க்கப் போறம்

பங்குனி கடைசியானால் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான்: "மச்சான், நுவரெலியா எப்ப?" யாழ்ப்பாணத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஒரு வான் பிடித்து, விடிய முன்னம் வெளிக்கிட்டு, குளிருக்குள் போய் இறங்குவோம். ஹக்கலவில் பூ, விக்டோரியா பூங்காவில் குருவி, ஹோட்டன் சமவெளியில் மரை, கிரகரி வாவியில் படகு. நிறையப் படம். திரும்பி வந்து ஒரு கிழமைக்குத் தடிமன்.

போகவேண்டாம் எண்டு சொல்ல இதை எழுதேல்ல. நாங்களே இந்த வருசமும் போறம். ஆனால் போய் எதைப் பார்க்கிறோம், எதைப் பார்க்காமல் வாறம் என்பதைப் பற்றி எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. அதைத்தான் எழுதுகிறோம்.

போன முறை ஹக்கலவுக்குப் போகும் வழியில், தேயிலைச் சரிவைப் பார்த்து வானுக்குள் ஒருத்தர் பகிடியாக ஒரு சொல் சொன்னார். "தோட்டக்காட்டான்." ஊரில் சண்டையிலும் பகிடியிலும் சர்வசாதாரணமாக வரும் சொல். இரண்டு மூன்று பேர் சிரித்தோம். எங்களோடு பல்கலைக்கழகத்தில் படித்த ஹட்டன் பக்கத்துத் தோழி முன் சீற்றில் இருந்தாள். அவளின் அம்மா கொழுந்து பறிக்கிறவர். அவள் ஒன்றும் சொல்லவில்லை, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஹக்கல வரைக்கும் பாட்டுப் போட யாருக்கும் மனம் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள், தோட்டம் எங்கள் ஊரில் எவ்வளவு மரியாதையான சொல். "அப்பா தோட்டம் செய்யிறார்" என்று நிமிர்ந்து சொல்வோம். வெங்காயமும் புகையிலையும் போட்ட தோட்டக் காசில் படித்து வந்தவர்கள்தான் எங்களில் பாதிப்பேர். பூந்தோட்டம் என்றால் ரிக்கெற் எடுத்துப் போய்ப் பார்க்கிற அழகு. அதே சொல் தேயிலையோடு சேர்ந்து, பின்னால் ஒரு 'காடு' ஒட்டிக்கொண்டால் மட்டும் வசவாகிவிடுகிறது. மண்ணைக் கொத்துவதில் என்ன வித்தியாசம்? மண் யாருடையது என்பதில்தான் வித்தியாசம்.

நுவரெலியாவின் 'வசந்தம்' ஒன்றும் இயற்கை தந்ததல்ல. எங்களுடைய இளவேனில் சித்திரையும் வைகாசியும்தான், ஆனால் அது வியர்வை வழிகிற காலம். கொழும்பின் சித்திரை வெக்கைக்குப் பயந்து மலையேறிய வெள்ளைக்காரர் தங்கள் நாட்டுக் காலநிலையை அங்கே நட்டு வைத்தார்கள். 1848இல் சாமுவேல் பேக்கர் அங்கே ஒரு குடியேற்றத்தைத் தொடங்கினார். 1873இல் ஆளுநர் கிரகரியின் காலத்தில் அந்த வாவி அமைக்கப்பட்டது. ஹக்கலத் தோட்டம் 1861இல் தொடங்கியபோது அது பூப் பார்க்கிற இடமே இல்லை. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைன் எடுக்கச் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்த்த பரிசோதனை நிலம். ரோசாவெல்லாம் பிறகு வந்தது. சித்திரையில் இந்தப் பூவெல்லாம் ஒன்றாகப் பூக்கவேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னரே யாரோ குனிந்து நாற்று நடவேண்டும். நாங்கள் படம் எடுக்கும்போது அவர்களைச் சட்டத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்வோம்.

தேயிலைச் சரிவில் இதற்கு நேர் எதிர். அங்கே ஆட்கள் சட்டத்துக்குள் இருந்தே ஆகவேண்டும். கூடையும் சிரிப்புமாக ஒரு அக்கா இல்லாவிட்டால் நுவரெலியாப் படம் முழுமையாகாது. நாங்களும் வானை நிற்பாட்டிக் கமராவைத் தூக்கினோம். ஒரு அக்கா கை நிற்காமலே கேட்டார்: "எங்கள எடுத்து என்னா தம்பி பண்ணப் போறீங்க?" எங்களிடம் பதில் இல்லை. சித்திரை, வைகாசியில் மழை விழக் கொழுந்து அள்ளிக்கொண்டு வரும். எங்களுக்கு லீவுக் காலம், அவர்களுக்கு நிமிர நேரமில்லாத காலம். பல தோட்டங்களில் 18, 20 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர். நிறுவையில் குறைந்தால் அரைப் பேர். 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம் என்பதையே எங்களில் பலர் அன்றைக்குத்தான் அறிந்தோம். அதுவும் தோழி சொல்லித்தான்.

வனவிலங்கு பார்ப்பதும் அப்படித்தான். ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீன் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். நல்ல விசயம். மரை வரும், எல்லோரும் "ஆ" என்போம். ஆனால் கொழுந்து பறிக்கிறவருக்கு வனவிலங்கு என்றால் முதலில் அட்டை, அடுத்தது குளவி. மலையகத்தில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பற்றிய செய்தி வராத மாதம் குறைவு. செத்தவர்களும் உண்டு. தேயிலைக்கு நடுவே மிஞ்சிய காட்டுத் துண்டுகளில் சிறுத்தையும் வாழ்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது. நாடே அழுதது, நாங்களும் ஸ்ரேற்றஸ் போட்டோம். மரக்கறிப் பாத்தியைக் கிளறும் பன்றிக்குத்தான் அப்படிச் சுருக்கு வைப்பது வழக்கம். சுருக்கு வைப்பது குற்றம், அதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் லயத்துக்குப் பின்னால் உள்ள அந்த நாலு முழப் பாத்தி ஏன் ஒரு குடும்பத்துக்கு அவ்வளவு முக்கியம் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

விக்டோரியா பூங்காவில் ஆறுமணிக்குருவியைத் தேடிப் போகிறவர்கள் ஒரு கதை சொல்வார்கள்: இமயமலைப் பக்கமிருந்து பறந்து வந்து, குளிர்காலத்தை இங்கே கழித்துவிட்டுத் திரும்பும் என்று. உடனே மலையக மக்களோடு ஒப்பிட்டுக் கவிதை எழுதக் கை துறுதுறுக்கும். வேண்டாம். குருவி ஒவ்வொரு வருசமும் திரும்பிப் போகிறது. இவர்கள் இங்கேயே பிறந்து வாழ்ந்தபோதும் 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. பிறகு 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் அவர்களைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டார்கள்.

எங்கள் வான் போகிற பாதையே ஒரு காட்சிக்கூடம். அன்றைக்குக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் நடந்து, மாத்தளைக்கு ஏறினார்கள். பசியிலும் கொலராவிலும் வழிநெடுகச் செத்தார்கள். மதவாச்சியில் மன்னார் வீதி ஏ9 உடன் சேர்கிறது. அதற்குப் பிறகு தம்புள்ளை, மாத்தளை என்று நாங்கள் ஏசி போட்டுக்கொண்டு நித்திரை கொள்ளும் தூரமெல்லாம் பெரும்பாலும் அவர்கள் நடந்த திசைதான். 2023இல், 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் திரும்ப நடந்தார்கள். எங்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்து நடந்தோம்?

கண்டியில் இறங்கினால் ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. 1925இல் கட்டிய தொழிற்சாலை, உள்ளே பழைய இயந்திரங்கள். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் உண்டு. நல்ல இடம், பாருங்கள். ஆனால் அங்கிருந்து நுவரெலியா போகிற வழியில் கம்பளை வரும். அதற்குப் பக்கத்தில் பாரதெக்கவில் இன்னொரு நூதனசாலை, தோட்டத் தொழிலாளர்களுடையது. ஒரு பழைய லயமே அங்கே காட்சிப்பொருள். அந்த அறையின் அளவை உங்கள் வீட்டுக் குசினியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இயந்திரம் இருக்கிற நூதனசாலைக்கு எல்லாச் சுற்றுலாக்காரரும் போகிறார்கள். மனிசர் இருந்த நூதனசாலையைக் கேட்டால் வான் சாரதிக்கே வழி தெரியவில்லை.

ஹட்டனில் பிறந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் பாவித்து எறியும் தேயிலைப் பைகளையும் அதன் கறையையும் வைத்தே கொழுந்து பறிக்கும் பெண்களின் வாழ்க்கையை வரைகிறார். அவற்றின் படங்களைப் பார்த்த பிறகு, தேயிலைச் சரிவை வெறும் பச்சையாகப் பார்ப்பது எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது.

இன்னுமொன்று. அந்த வசவுச் சொல்லைச் சொல்லும்போது நாங்கள் மறப்பது, 77இலும் 83இலும் அடிவாங்கி மலையிலிருந்து இறங்கி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்களை. அவர்களின் பேரப்பிள்ளைகள் எங்களோடு படித்தார்கள். எங்களுக்காக எழுதுகிறார்கள். சிலர் தாங்கள் எந்த ஊர் என்று இன்றைக்கும் வாய் திறப்பதில்லை. ஏனென்று நாங்கள் கேட்டதுமில்லை.

வானில் அந்தச் சொல்லைச் சொன்னவர் பிறகு தோழியிடம் மன்னிப்புக் கேட்டார். அவள், "கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு" என்றாள். அவர் கேட்ட மன்னிப்பைவிட அந்தப் பதில்தான் குழுவில் இரண்டு நாள் சண்டையைக் கிளப்பியது.

இந்த முறை வான் முதலில் கம்பளையில் நிற்கும். பிறகு ஹக்கல, பிறகு ஹட்டன் பக்கம் தோழி வீடு. மத்தியானச் சாப்பாடு அங்கேதான், அவளின் அம்மா சமைக்கிறார். பதினான்கு பேர் வாறம் என்று சொன்னதற்கு அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "வாங்க, ஆனா எல்லாரும் ஒண்ணா உள்ள உக்கார முடியாது. ஏழு ஏழு பேரா சாப்பிடணும்."