கக்கூஸ் கதவில் ஒரு நோட்டீஸ்

பெஸ்ஸமர் என்ற ஊர்ப்பெயரை நம்மில் பல பேர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரத்தை ஒட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் இரும்பும் எஃகுமாகக் கொழித்து, பிறகு சோர்ந்துபோன ஊர். 2020-ல் அமேசான் கம்பெனி அங்கே ஒரு ராட்சசக் கிடங்கைத் திறந்தது. அடுத்த வருடமே அங்கே வேலை பார்க்கிற சுமார் 5,800 பேர், தங்களுக்குத் தொழிற்சங்கம் வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டார்கள்.

தேர்தல் என்றால் பிரசாரம் உண்டுதானே? உண்டு. எப்படி என்று கேளுங்கள்.

தொழிலாளி கழிப்பறைக்குப் போகிறார். கதவைச் சாத்தினால் உட்புறம் நோட்டீஸ். 'உங்கள் சந்தாப் பணம் எங்கே போகும் தெரியுமா?' என்கிற ரீதியில். வெளியே வந்தால் செல்போனில் குறுஞ்செய்தி. வேலைக்கு நடுவே கூட்டத்துக்கு அழைப்பு. அழைப்பு என்றால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இல்லை, போயே ஆகவேண்டும். சம்பளம் உண்டு. சங்கம் ஏன் வேண்டாம் என்று அங்கே பாடம் நடக்கும்.

இதெல்லாம் கம்பெனியின் பிரசாரம். சங்கத்துக்காரர்கள் எங்கே இருந்தார்கள்? தெருவில். ஷிஃப்ட் முடிந்து கார்கள் வெளியே வரும்போது சிவப்பு விளக்கில் நிற்கும் அல்லவா, அந்த சில விநாடிகளில் கண்ணாடியைத் தட்டி இரண்டு வார்த்தை பேசுவார்கள். கொஞ்ச நாளில் அந்த சிக்னலின் நேரத்தை மாற்றிவிட்டார்கள். கம்பெனி கேட்டுக்கொண்டதால் மாற்றினோம் என்று உள்ளூர் நிர்வாகமே ஒப்புக்கொண்டது. ஷிஃப்ட் மாறும்போது ஏற்படும் நெரிசலைக் குறைக்க என்பது காரணம். இருக்கலாம். நெரிசல் குறைந்தால் நல்லதுதானே!

ஓட்டு தபால் மூலம். கிடங்கின் கார் நிறுத்துமிடத்திலேயே ஒரு தபால் பெட்டி முளைத்தது. அதைச் சுற்றிக் கூடாரம், கூடாரத்தில் கம்பெனியின் பிரசார வாசகம். 2021 ஏப்ரலில் எண்ணியபோது சங்கம் வேண்டும் என்று 738, வேண்டாம் என்று 1,798. அந்தப் பெட்டியை முக்கியக் காரணமாகக் காட்டி, அதே ஆண்டு நவம்பரில் தேசிய தொழிலாளர் உறவு வாரியம் தேர்தலை ரத்து செய்தது. 2022-ல் மறுதேர்தல். 875-க்கு 993. சர்ச்சைக்குரிய ஓட்டுகள் மட்டும் 416. அதையும் ஏற்காமல் 2024 நவம்பரில் வாரியத்தின் நீதிபதி ஒருவர் மூன்றாவது தேர்தலுக்கு உத்தரவிட்டார்.

நோட்டீஸாலும் சிக்னலாலும்தான் சங்கம் தோற்றது என்று நான் சொல்லமாட்டேன். மத்திய அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏழே கால் டாலர். அமேசான் கொடுத்தது பதினைந்து டாலருக்கு மேல், மருத்துவக் காப்பீடும் சேர்த்து. இருப்பதே போதும் என்று மனசாரச் சொன்னவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அது அவர்கள் உரிமை. எனக்குள்ள தகராறு வேறு. ஒரு தேர்தலில் ஒரு கட்சிக்கு மைதானம், மைக், நேரம், ஆள் கணக்கு எல்லாம் சொந்தம். இன்னொரு கட்சிக்கு சிவப்பு விளக்கு. இதைத் தேர்தல் என்று எப்படி ஐயா கூப்பிடுகிறீர்கள்?

நம் ஊர்த் தேர்தல்களைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் ஓட்டுப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பொதுக்கூட்டம் போடக்கூடாது. சாவடிக்கு 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக்கூடாது. சட்டம் அப்படி. முக்கியமாக, ஆளும்கட்சி மாவட்டச் செயலாளர் உங்களை அலுவலக நேரத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, எதிர்க்கட்சிக்கு ஏன் ஓட்டுப் போடக்கூடாது என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, எழுந்து போனால் வேலை போய்விடும் என்று சொல்ல முடியாது.

அமெரிக்கத் தொழிற்சாலையில் அது முடிந்தது. 1948-லிருந்து 2024 வரை, 76 வருடம், சட்டப்படி முடிந்தது. அதற்கு அவர்களே வைத்திருக்கிற பெயர் 'கேப்டிவ் ஆடியன்ஸ் மீட்டிங்'. சிறைபட்ட சபை! பெயர் வைத்தவன் நேர்மையானவன்.

விதிகளே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். விதிகளுக்கு அங்கே பஞ்சமே கிடையாது. 1935-ல் ரூஸ்வெல்ட் காலத்தில் வந்த சட்டம் சங்கம் சேரும் உரிமையைக் கொடுத்தது. 1945-ல் உச்ச நீதிமன்றம், தொழிலாளி தன் ஓய்வு நேரத்தில் ஆலைக்குள்ளேயே சக தொழிலாளியிடம் சங்கத்துக்கு ஆதரவு கேட்கலாம், தக்க காரணம் இல்லாமல் முதலாளி தடுக்கக்கூடாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் நோட்டீஸ் கொடுப்பதை மட்டும், வேலை நடக்காத இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். வாக்குப்பதிவுக்கு முந்தைய 24 மணி நேரத்தில் வேலை நேரத்தில் ஆட்களைத் திரட்டிப் பேசக்கூடாது என்று 1953-ல் ஒரு விதி. இரண்டு தரப்புக்கும் பொருந்துமாம். சங்கம் எந்தக் காலத்தில் வேலை நேரத்தில் ஆட்களைத் திரட்டியது, அதைத் தடுப்பதற்கு? முதலாளிக்கு மட்டும் முடிகிற ஒரு காரியத்தை இரண்டு பேருக்கும் தடை செய்துவிட்டு, பார்த்தாயா சமத்துவம் என்கிறார்கள். அதுவும் கடைசி ஒரு நாளைக்கு. அதற்கு முந்தைய நாற்பது நாளும் பாடம் நடத்தலாம்.

பேச்சில் மிரட்டல் கூடாது, ஆசை காட்டக்கூடாது என்றும் இருக்கிறது. 'சங்கம் வந்தால் ஆலையை மூடிவிடுவேன்' என்றால் குற்றம். ஆனால் ஆதாரத்தோடு 'இன்ன இன்ன காரணத்தால் இப்படி ஆகக்கூடும்' என்று ஜோசியம் சொன்னால் குற்றமில்லை. 1969-ல் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே மிரட்டுவது எப்படி என்று சொல்லித் தருவதற்கென்றே ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். போதாததற்கு, பிரசாரத்தில் பொய் சொன்னாலும் அதற்காகத் தேர்தலை ரத்து செய்யமாட்டோம், போலிப் பத்திரம் தயாரித்து ஏமாற்றினால் ஒழிய, என்று 1982-ல் வாரியம் கைகழுவிவிட்டது. இது சங்கத்தின் பொய்க்கும் சேர்த்துத்தான். சங்கத்துக்காரர்கள் எல்லாம் அரிச்சந்திரன் வம்சம் என்று நான் எங்கும் சொல்லவில்லையே.

வெளியிலிருந்து வருகிற சங்க அமைப்பாளர் கதை இன்னும் பரிதாபம். கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு சில்லறை வியாபாரக் கடை. சுமார் 200 ஊழியர்கள். அமைப்பாளர்கள் கார் நிறுத்துமிடத்தில் வண்டிக் கண்ணாடிகளில் நோட்டீஸ் செருகப் போனார்கள். இது எங்கள் இடம், வெளியே போ என்றது கம்பெனி. நெடுஞ்சாலைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நடுவே 46 அடி அகலத்தில் ஒரு புல்தரை, பொதுச்சொத்து. அங்கே நின்றார்கள். ஊழியர்களின் கார் நம்பர்களைக் குறித்துக்கொண்டு, போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, நாற்பது சொச்சம் பேரின் முகவரியைப் பிடித்துக் கடிதம் போட்டார்கள். வந்த கையெழுத்து எத்தனை தெரியுமா? ஒன்று. 1992-ல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது: கம்பெனி செய்தது சரி. ஊழியர்களை அணுக வேறு வழி இருக்கிறது, புல்தரையில் போர்டு பிடிக்கலாமே!

பேச்சுரிமை முதலாளிக்கும் உண்டு என்பார்கள். உண்டு. யார் இல்லை என்றது? அவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கட்டும், வீட்டுக்குக் கடிதம் போடட்டும், கேன்டீனில் வந்து பேசட்டும், விருப்பமுள்ளவர்கள் கேட்கட்டும். பேசுகிற உரிமைக்குள், எதிரே இருப்பவனைக் கட்டிப் போட்டுக் கேட்க வைக்கும் உரிமை எப்படி நுழைந்தது? சம்பளம் கொடுக்கிற கை சொல்கிறது, உட்கார் என்று. அந்த இடத்தில் தொழிலாளி கேட்பது கருத்தா, உத்தரவா?

இனி கணக்கு. பி.காம். படித்த தோஷம், பேரேட்டைப் பார்க்காமல் தூக்கம் வராது. பெஸ்ஸமரில் சங்கத்துக்கு எதிராகப் பேச அழைத்துவரப்பட்ட ஆலோசகர்களுக்கு ஆளுக்கு ஒரு நாள் கட்டணம் 3,200 டாலர், செலவு தனி. கிடங்குத் தொழிலாளி மணிக்குப் பதினைந்து டாலர் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பணத்தைச் சம்பாதிக்க 213 மணி நேரம் நிற்கவேண்டும். வாரத்துக்கு 40 மணி என்றால் ஐந்து வாரத்துக்கு மேல். இந்த வகை ஆலோசகர்களுக்கு 2021-ல் சுமார் 43 லட்சம் டாலரும், 2022-ல் சுமார் 142 லட்சம் டாலரும் செலவழித்ததாக அமேசானே அரசுக்குத் தாக்கல் செய்த படிவத்தில் இருக்கிறது. இதெல்லாம் தொழில் செலவுக் கணக்கில் போய்விடும், வரியில் கழித்துக்கொள்ளலாம். தொழிலாளி கட்டுகிற சங்கச் சந்தாவுக்கு மத்திய வருமான வரியில் ஒரு சின்னக் கழிவு இருந்தது. 2017-ல் வந்த வரிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. டெபிட் ஒரு பக்கம், கிரெடிட் ஒரு பக்கம் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே இரண்டும் ஒரே பக்கம்.

அமேசானை மட்டும் சொல்லி என்ன? கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேட் பிரான்ஃபென்பிரென்னர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், சங்கத் தேர்தல்களில் 89 சதவிகிதத்தில் கட்டாயக் கூட்டம் நடந்திருக்கிறது. 57 சதவிகிதத்தில் ஆலையை மூடுவோம் என்ற மிரட்டல். 34 சதவிகிதத்தில் தொழிலாளிகளை வேலையை விட்டே தூக்கியிருக்கிறார்கள்.

தூக்கினால் என்ன தண்டனை? இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். அந்த மூலச் சட்டத்தில் அபராதமே கிடையாது. வருடக்கணக்கில் வழக்கு நடந்து தொழிலாளி ஜெயித்தால், வேலையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், இடைப்பட்ட காலச் சம்பளத்தைக் கொடுக்கவேண்டும். நடுவில் அவர் வேறு வேலை பார்த்துச் சம்பாதித்திருந்தால் அதைக் கழித்துக்கொண்டு! கூடவே, இனி இப்படிச் செய்யமாட்டோம் என்று நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டவேண்டும். தேர்தல் என்றோ முடிந்திருக்கும். ரேஷன் கடையில் எடை குறைத்தவனுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை உண்டு.

இவ்வளவையும் மீறி ஜெயித்தவர்களும் உண்டு. நியூயார்க் ஸ்டேட்டன் தீவில் இருக்கும் அமேசான் கிடங்கு. 2022 ஏப்ரல் 1-ம் தேதி எண்ணினார்கள். 2,654-க்கு 2,131. எப்படி ஜெயித்தார்கள்? அங்கேயும் கட்டாயக் கூட்டங்கள் நடந்தன. ஆனால் பிரசாரம் செய்தவர்களில் பல பேர் உள்ளேயே வேலை பார்த்தவர்கள். ஓய்வறையில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பேசினார்கள். முதலில் ஷிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும் 15 நிமிடத்துக்கு மேல் யாரும் வளாகத்தில் இருக்கக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. 2021 டிசம்பரில் வாரியத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில் கம்பெனி அதைத் தளர்த்தியது. வேலை முடிந்தவரும் ஓய்வறையில் உட்கார்ந்து பேசலாம் என்றானது. நாலு மாதத்தில் முடிவு தெரிந்தது. ஒரு விதியின் விலை இதுதான். சங்கத்தை ஆரம்பித்த கிறிஸ்டியன் ஸ்மால்ஸ் 2020-லேயே வேலையிழந்தவர். 2022 பிப்ரவரியில் தொழிலாளிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோன அவரை, அத்துமீறி நுழைந்ததாகப் போலீஸ் பிடித்துப்போனது. பிரியாணிக்கு அத்துமீறல் வழக்குப் போட்டால் நம் ஊரில் எந்தத் தேர்தலும் நடக்காது!

2024 நவம்பர் 13 அன்று அதே அமேசான் வழக்கு ஒன்றில், கட்டாயக் கூட்டம் சட்டவிரோதம் என்று வாரியம் மூன்றுக்கு ஒன்றாகத் தீர்ப்பளித்தது. 1948-ன் முடிவு கவிழ்ந்தது. கை தட்டுவதற்குள் 2025 ஜனவரியில் ஆட்சி மாறியது. புதிய ஜனாதிபதி வாரிய உறுப்பினர் ஒருவரை நீக்க, தீர்ப்புச் சொல்லத் தேவையான எண்ணிக்கையே இல்லாமல் பல மாதம் வாரியம் முடங்கிக் கிடந்தது. அங்கே தொழிலாளர் விதிகள் பாராளுமன்றத்தில் பிறப்பதில்லை, வாரியத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் பிறக்கின்றன. இதனால்தான் ஓரிகன், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் தாங்களே தனிச் சட்டம் போட்டுக்கொண்டன.

அலபாமா கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆகவேண்டும் என்று 1947-ல் நம் நாட்டில் ஒரு திருத்தச் சட்டம் நிறைவேறியது. அமலுக்கு வரவே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிலாளிகள் 2024-ல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, முக்கியக் கோரிக்கை இந்த அங்கீகாரம்தான். இப்போது 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. பல சங்கங்கள் இருக்கிற இடத்தில், 51 சதவிகிதத் தொழிலாளிகளின் ஆதரவுள்ள சங்கமே பேச்சுவார்த்தை நடத்தும் ஒரே சங்கம். ஆக, ஆதரவைக் கணக்கிடுகிற காலம் வந்தாயிற்று. ரயில்வேயில் 2007, 2013, 2024 என்று ரகசிய வாக்கெடுப்பே நடத்திப் பழக்கம் இருக்கிறது. அங்கே கேட் மீட்டிங் உண்டு, நோட்டீஸ் போர்டு உண்டு, பலமான பழைய சங்கங்கள் உண்டு. பன்னாட்டுக் கம்பெனியின் புதிய ஆலையில் என்ன உண்டு? வாசலில் செக்யூரிட்டி உண்டு, கம்பெனி பஸ் உண்டு. பஸ் கேட்டுக்குள் போய்த்தான் நிற்கும். கேட் மீட்டிங் போட கேட்டில் ஆள் இருக்காது.

நம் சட்டத்தின் அட்டவணையில், சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுவதும், சங்கம் உருவாகிற நேரம் பார்த்துச் சம்பளம் உயர்த்தி ஆட்களைக் கலைப்பதும் முறையற்ற செயல் என்று இருக்கிறது. நல்லது. ஆனால் தலை எண்ணுவதற்கு முந்தைய வாரங்களில் ஆலைக்குள் யார், எங்கே, எத்தனை நேரம் பேசலாம்? கட்டாயக் கூட்டம் போடலாமா? கூட்டம் போட்டால் அதே ஹாலில் அதே அளவு நேரம் சங்கத்துக்கும் உண்டா? ஊழியர் பட்டியல் சங்கத்துக்குக் கிடைக்குமா? அமெரிக்காவில் 1966-லிருந்து பெயரும் முகவரியும் கொடுத்தாகவேண்டும். 2015 முதல் போன் நம்பரும் கைவசம் இருந்தால் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அவர்களிடம் நாம் கடன் வாங்கவேண்டிய விதி அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் ஹால் கதவைத் திறந்து வைத்தே ஆரம்பிக்கலாம்: கேட்க இஷ்டமில்லாதவர் எழுந்து போகலாம், போனவர் பெயரை யாரும் குறித்துக்கொள்ளக்கூடாது.