இரு கண்களும் ஒரே வேளையில் திறந்திருத்தல் வேண்டும்

பட்டான்செரு என்னும் ஊர்ப்பெயரின் இறுதியிலேயே ஓர் ஏரி இருக்கிறது. தெலுங்கில் ‘செருவு’ என்றால் ஏரி. ஏரியின் நீர்க்கணக்கை அறிய விரும்புவோர் வரத்துக்காலில் வரும் நீரையும், கலிங்கில் வழிந்து செல்லும் நீரையும் அளத்தல் வேண்டும். வரத்தைத் திங்கட்கிழமையும் போக்கை வெள்ளிக்கிழமையும் அளந்து கூட்டிக் கழித்தால் கிடைப்பது கணக்கு ஆகாது. களப்பணியாளர் யாவரும் அறிந்த இந்த எளிய உண்மை கருந்துளை ஆராய்ச்சிக்கும் முற்றும் பொருந்தும். அதனை நமது நாட்டின் வானியல் ஒரு நியதியாகவே கொள்ள வேண்டும் என்பது எமது கருத்து.

கருந்துளைகளுட் சில ஒரு விண்மீனைத் துணையாகக் கொண்டுள்ளன. துணைமீனிலிருந்து இழுக்கப்படும் வாயு நேராக உள்ளே விழுவதில்லை. கருந்துளையைச் சூழ்ந்து ஒரு வட்டத் தட்டாகச் சுழல்கிறது. தட்டின் உட்பகுதி மிகக் கடுமையாக வெப்பமடைந்து எக்ஸ்-கதிர்களை வீசுகிறது. கருந்துளைக்குள் சென்ற பொருள் மீள்வதில்லை. ஆயினும் உள்ளே செல்லுமுன் அப்பொருளில் ஒரு பகுதி, தட்டின் மேலும் கீழும் இரு தாரைகளாக, ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் பீறிட்டுச் செல்கிறது. தாரைகளிலுள்ள எலெக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் சுழன்று செல்வதால் ரேடியோ அலைகள் பிறக்கின்றன. சுருங்கக் கூறின், எக்ஸ்-கதிர் பெரும்பாலும் வரத்தைக் காட்டுகிறது. ரேடியோ அலை போக்கைக் காட்டுகிறது.

ரேடியோ அலைகள் காற்று மண்டலத்தைக் கடந்து தரையை அடைகின்றன. எக்ஸ்-கதிர்களையோ காற்று விழுங்கிவிடுகிறது. ஆதலின் அவற்றைக் காணக் கருவிகளைப் பலூனிலேனும் செயற்கைக் கோளிலேனும் மேலே அனுப்ப வேண்டியுள்ளது. இயற்கையில் ஒன்றாக நிகழும் ஒரு நிகழ்ச்சியை இரு வேறு கருவிகள், இரு வேறு குழுவினர், இரு வேறு கால அட்டவணைப்படி நோக்கும் நிலை இவ்வாறுதான் ஏற்பட்டது.

இப்பிரிவினால் நாம் இழப்பது யாது என்பதை இரண்டு உதாரணங்கள் விளக்கும். சிக்னஸ் எக்ஸ்-1 என்னும் பொருளில், 1971-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், குறைந்த ஆற்றலுடைய எக்ஸ்-கதிர்கள் வெகுவாகத் தணிந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் வானத்தின் அப்பகுதியில் புதியதொரு ரேடியோ மூலம் தோன்றிற்று. இரு மாறுதல்களும் உடன் நிகழ்ந்தமையாலேயே இரண்டும் ஒரே பொருளினுடையவை என்பது உறுதியாயிற்று. ரேடியோக் கருவிகள் அதன் இடத்தைத் துல்லியமாகக் காட்டியதனால் துணைமீனையும் அறிய முடிந்தது.

மற்றொன்று, 1992-இல் கண்டறியப்பட்ட ஜி.ஆர்.எஸ். 1915+105 என்பது. 1997-இல் அதனை ஒரே வேளையில் பல கருவிகளால் நோக்கினர். எக்ஸ்-கதிர் தாழ்ந்து மீண்டும் எழுந்ததை அடுத்து அகச்சிவப்புக் கதிரும், அதன்பின் சில நிமிடங்கள் கழித்து ரேடியோ அலையும் பொங்கின. தட்டின் உட்பகுதியில் நேர்ந்த மாறுதலே தாரையாக வெளிப்பட்டது என்பதற்கு இக்கால வரிசையே சான்று. கடிகாரங்கள் ஒத்திராவிடில் இச்சான்று கிடைத்திராது. மீண்டும் 2018 முதல் அதன் எக்ஸ்-கதிர் பெரிதும் மங்கலாயிற்று. எக்ஸ்-கதிரை மட்டும் கண்டோர் அது உறங்கிவிட்டதென்றே கருதியிருப்பர். ஆனால் 2019-இலும் அதிலிருந்து வலிய ரேடியோ அலைகள் வந்தன. உலை அணையவில்லை, திரை மறைத்தது என்று அறிஞர் கருதுகின்றனர்.

இத்துறையில் நாம் வெறுங்கையர் அல்லர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1968-இல் ஐதராபாத்திலிருந்து பலூன் மூலம் எக்ஸ்-கதிர்க் கருவிகளை அனுப்பினர். உதகை அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோத் தொலைநோக்கி 1970-இல் இயங்கத் தொடங்கிற்று. புனேக்கு வடக்கே ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகள் அணிவகுத்து நிற்கின்றன. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் கோள் ஏவப்பட்டது. அக்கோளின் அளவீடுகளைக் கொண்டு 2024-இல் வெளியான ஆய்வு, சிக்னஸ் எக்ஸ்-1 ஒரு குறிப்பிட்ட நிலையில் இருக்கையில் மட்டும் அதன் உயர் ஆற்றல் எக்ஸ்-கதிர்கள் வலிய தளவிளைவு பெற்றிருத்தலைக் கண்டது. அக்கதிர்களில் ஒரு பங்கு தாரையிலிருந்தே வருகிறது என்று இதிலிருந்து ஊகிக்கின்றனர். வரத்தும் போக்கும் நாம் எண்ணியதைவிட நெருங்கிப் பிணைந்திருப்பின், அவற்றைச் சேர்த்து அளக்கும் தேவை மேலும் மிகுகிறது.

தொலைநோக்கியின் நேரம் அரிது. பொங்கல் எப்போது நிகழுமென முன்கூட்டி அறிய இயலாது. எழுதப்பட்ட அட்டவணையை எவ்வாறு குலைப்பது என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. எனினும், மழை வருமுன் மழைமானியை வைப்பதுபோல, எதிர்பாரா நிகழ்ச்சிகளுக்கென ஒரு சிறு நேரப் பங்கை ஒதுக்கி வைப்பது கடினமன்று. எக்ஸ்-கதிரில் மாறுதல் தென்பட்ட அன்றே ரேடியோக் கருவியும் அப்பக்கம் திரும்புதல், அனுமதி வேண்டிப் பெறும் சலுகையாக அன்றி, இயல்பான நடைமுறையாக இருத்தல் வேண்டும். தனித்தனியே நூறு மணி நோக்குவதினும் ஒருங்கே பத்து மணி நோக்குவது மேல்.

இதில் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் என்ன பங்கு எனலாம். ஐதராபாத்துப் பலூன்களின் கருவிகள் பாராசூட்டு மூலம் தரையிறங்குகின்றன. அவை விழக்கூடிய மாவட்டங்களுள் பட்டான்செரு அடங்கிய சங்காரெட்டியும் ஒன்று. வயலில் அத்தகைய பெட்டியைக் காண்போர் அதனைத் திறக்கலாகாது; சில கருவிகளில் உயர் மின்னழுத்தம் இருத்தலும் கூடும். அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு அறிவித்தலே முறை. பல்லாண்டு உழைப்பு ஒரு சிற்றூரின் பொறுப்புணர்ச்சியால் காக்கப்படுகிறது என்பதைப் பணியாளர் ஊராருக்கு எடுத்துரைக்கலாம்.

ஆசிரியர்கள் ஒரு பயிற்சி செய்விக்கலாம். மாணவரை இரு குழுவாக்கி, ஒரு குழு வெயிலில் வைத்த நீரின் வெப்பநிலையையும், மற்றொரு குழு வானத்தின் மேக நிலையையும் குறிக்கச் செய்க. ஒரு நாள் அவரவர் விரும்பிய வேளையில் குறிக்கட்டும். மறுநாள் ஒரே மணி ஒலிக்கும்போதெல்லாம் இருவரும் குறிக்கட்டும். எந்த நாள் குறிப்பினால் காரணமும் விளைவும் புலப்படுகின்றன என்பதை மாணவரே கூறுவர். அளவுக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதும் பழக்கம் அன்று அவர்கள் கையில் படியுமாயின், வருங்காலத் தொலைநோக்கிகளில் அமர்வோருக்கு இந்நியதியை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிராது.