கோழி அவங்களோடது, நட்டம் மட்டும் நம்மோடதா?



தி.நகர், அடையாறு கறிக்கடைப் பலகையில் கறிக்கோழி விலையைத் தினம் மாற்றி எழுதுகிறார்கள். பல்லடத்திலும் உடுமலையிலும் ராத்திரி பகலா கண்முழிச்சு வளர்த்த நமக்கோ, கிலோவுக்கு இவ்வளவு என்று கம்பெனி வைத்த வளர்ப்புக் கூலிதான். விலை ஏறினால் அதில் நமக்குப் பங்கில்லை.

குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியோடது. ஷெட், தண்ணி, கரண்டு, நார்க்கழிவு, உழைப்பு நம்மோடது. சரி, ஒத்துக்கிட்டோம். ஆனால் 40, 45 நாளில் பிடிக்க வேண்டிய கோழியை, மார்க்கெட் மந்தம் என்று லாரி அனுப்பாமல் விடுகிறார்களே? முற்றின கோழி தீவனம் தின்னும், அந்த அளவுக்கு எடை ஏறாது. வெயிலில் சாகவும் செய்யும். பிறகு "எஃப்.சி.ஆர். கூடிப்போச்சு, இறப்பு அதிகம்" என்று நம் கூலியில் பிடிக்கிறார்கள். தாமதம் யாரோடது, அபராதம் யாருக்கு?

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. தமிழ்நாட்டில் வரவில்லை. ஆனாலும் என் ஷெட்டில் பல வாரம் குஞ்சு இறங்கல. பேங்க் வட்டி மட்டும் நிக்காம ஓடிச்சு.

தமிழக அரசின் 2019 ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் கால்நடைக்கும் உண்டு. ஒப்பந்தத்தை எழுதி, அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. உங்கள் கையில் தமிழில் எழுதிய நகல் இருக்கா? வெறும் தாளில் கையெழுத்துப் போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பிடிக்கும் தேதி, தாமதமானால் நாளுக்கு இவ்வளவு ஈடு, நம் கண்முன்னால் எடை. இந்த மூன்றும் எழுத்தில் வராமல் அடுத்த பேட்ச் குஞ்சை இறக்காதீர்கள்! இருக்கிற காகிதத்தோடு சங்கத்துக்கு வாருங்கள்.