பிறந்த ஊர் கோவை, குடியுரிமை அமெரிக்கா: சான்று எங்கே?



விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நம் தமிழ்ச் சங்கங்களின் மின்னஞ்சல் குழுக்களில் உல்லாசக் கப்பல் பயணங்களைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியையும் அழைத்துக்கொண்டு, மெக்சிகோவுக்கோ பகாமாசுக்கோ போய்வரும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. "புறப்பட்ட துறைமுகத்திற்கே திரும்பி வரும் கப்பல், கடவுச்சீட்டு கூடத் தேவையில்லை" என்று யாரேனும் ஒருவர் சொல்வார். அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் அது அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் உண்மை. நம் வீடுகளில் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2023 டிசம்பரில், டெக்சாஸ் மாநிலத் துறைமுகம் ஒன்றில், பயணப் பெட்டிகளைச் சுமைதூக்குவோரிடம் ஒப்படைத்துவிட்டு வரிசையில் நின்றபோது தெரிந்துகொண்டேன். எங்கள் மகன் கோவையில் பிறந்து நான்கு வயதில் இங்கு வந்தவன். 2019-இல் நானும் என் மனைவியும் குடியுரிமை உறுதிமொழி எடுத்தபோது அவனுக்கு வயது பன்னிரண்டு. எங்கள் இருவருக்கும் கடவுச்சீட்டு எடுத்தோம். அவனுக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். பிறகு பெருந்தொற்று வந்தது, ஊர்ப் பயணம் தள்ளிக்கொண்டே போயிற்று. துறைமுகத்தில் அவனுடைய கோவை மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழையும், பழகுநர் ஓட்டுநர் உரிமத்தையும், எங்கள் கடவுச்சீட்டுகளையும் நீட்டினேன். அந்தப் பெண் அலுவலர் மிகுந்த மரியாதையுடன், "இவர் இந்தியாவில் பிறந்தவர் என்பது தெரிகிறது, அமெரிக்கக் குடிமகன் என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்டார். என்னிடம் விடை இருந்தது, தாள் இல்லை. உடன் வந்த குடும்பங்கள் கப்பலேறின. நாங்கள் பெட்டிகளைத் தேடி எடுத்துக்கொண்டு வாடகை மகிழுந்தில் திரும்பினோம். கட்டிய பணம் வரவில்லை. பணம் போனது பெரிதல்ல. வழி முழுவதும் பின்னிருக்கையில் ஒரு சொல்லும் பேசாமல் வந்த மகன், வீட்டு வாசலில் இறங்கும்போது கேட்டான்: "அப்பா, நான் உண்மையிலேயே சிட்டிசன்தானா?"

ஆம், உண்மையிலேயே குடிமகன்தான். குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் 2000-இல் இயற்றப்பட்டு, 2001 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, நிரந்தர வசிப்புரிமை பெற்ற ஒரு பிள்ளை, பதினெட்டு வயது நிறையும் முன், அமெரிக்கக் குடியுரிமை உள்ள தாய் அல்லது தந்தையின் சட்டப்படியான பொறுப்பிலும் உடனுறைவிலும் இந்நாட்டில் வாழ்ந்தால், அக்கணமே தானாகக் குடியுரிமை பெறுகிறது. விண்ணப்பம் இல்லை, உறுதிமொழி இல்லை, விழா இல்லை. சான்றிதழும் இல்லை! எங்கள் மென்பொருள் தொழிலில் சொல்வதானால், நிலைமாற்றம் நிகழ்ந்துவிட்டது, ஆனால் எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தின் கணினியில் அப்பிள்ளை, நாமாகச் சென்று திருத்தும்வரை, வெளிநாட்டவராகவே இருக்கிறது.

கப்பல் விதியைச் சற்று விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 ஜூன் 1 முதல் தரைவழியாகவும் கடல்வழியாகவும் நாடு திரும்பும் அமெரிக்கர்கள் கடவுச்சீட்டு அல்லது அதற்கு இணையான ஆவணம் காட்ட வேண்டும் என்பது பொது விதி. மேற்கு அரைக்கோளத்திற்குள் சுற்றி, புறப்பட்ட அதே அமெரிக்கத் துறைமுகத்திற்குத் திரும்பும் கப்பல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவற்றில் பிறப்புச் சான்றிதழும், பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையும் போதும். இங்கு பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழே குடியுரிமைச் சான்று. வெளிநாட்டில் பிறந்தவருக்கோ குடியுரிமை ஏற்புச் சான்றிதழ், குடியுரிமைச் சான்றிதழ், தூதரகம் வழங்கிய வெளிநாட்டுப் பிறப்பு அறிக்கை ஆகியவற்றுள் ஒன்று வேண்டும். இல்லையேல் கடவுச்சீட்டு வேண்டும். சியாட்டிலில் ஏறி வான்கூவரில் இறங்குவது போன்ற ஒருவழிப் பயணங்களுக்கு இந்த விலக்கே கிடையாது. சில கரீபியத் தீவுகள் தம் பங்கிற்குக் கடவுச்சீட்டு கேட்பதும் உண்டு.

விலக்கு இருக்கிறதே என்று தாளை நம்பிப் போவதும் அறிவுடைமை ஆகாது. கொசுமெலில் கரையிறங்கியவர் நேரம் தவறிக் கப்பலைக் கோட்டை விட்டாலோ, நசாவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ, வானூர்தியில்தான் திரும்ப வேண்டும். வானூர்திக்குக் கடவுச்சீட்டுப் புத்தகமே வேண்டும். மலிவாகக் கிடைக்கும் கடவுச்சீட்டு அட்டைகூட அங்கே செல்லாது. ஊரிலிருந்து வந்த பெற்றோரை உடன் அழைத்துச் செல்வோர், அவர்களுடைய நுழைவிசைவு பலமுறை நுழைய அனுமதிப்பதா, திரும்பும் நாளில் காலாவதி ஆகாமல் இருக்குமா என்பதையும், ஒவ்வொரு துறைமுக நாடும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு என்ன கேட்கிறது என்பதையும் பயணச்சீட்டு வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு வகைப் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் மரபு. வளைகாப்பு முடிந்து மதுரைக்கோ திருச்சிக்கோ சென்ற பெண், குழந்தையுடன் திரும்புகிறாள். தாயோ தந்தையோ அமெரிக்கக் குடிமக்களாக இருந்தால், சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பிறப்பு அறிக்கை பெற்றுக்கொள்ளலாம். பதினெட்டு வயதுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். மணமான பெற்றோரில் ஒருவர் மட்டுமே குடிமகன் என்றால், குழந்தை பிறக்கும் முன் அவர் ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்திருக்க வேண்டும் என்றும், அதில் இரண்டாண்டுகள் அவருடைய பதினான்கு வயதுக்குப் பிந்தியவையாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் கேட்கிறது. இதைப் பயணச்சீட்டு வாங்கும் முன் கணக்கிட்டவர்கள் எத்தனை பேர்?

ஆவணங்களைத் திரட்டும்போதுதான் நம் பெயர்கள் நம்மோடு மல்லுக்கு நிற்கின்றன. பிறப்புச் சான்றிதழில் ஒற்றைப் பெயர், பள்ளியில் முதலெழுத்து, கடவுச்சீட்டில் தந்தை பெயரே குடும்பப் பெயர். குடும்பப் பெயர் இல்லாத இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தவருக்கு, அமெரிக்க நுழைவிசைவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்.என்.யூ." என்று அச்சாகிவிடுகிறது. முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பெற்றவர்கள் ஆசை ஆசையாய்ச் சூட்டிய பெயர்! சிலருடைய பிறப்புப் பதிவில் "ஆண் குழந்தை" என்பதோடு சரி, பெயரே இல்லை. போரிலும் இடப்பெயர்விலும் பதிவுகளையே தொலைத்துவிட்டு வந்த ஈழத்துக் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். தந்தை, தாய், பிள்ளை மூவரும் ஒரே குடும்பம் என்பதை ஓர் அலுவலருக்கு மெய்ப்பிக்கவே தனியாக ஒரு கோப்பு தேவைப்படுகிறது.

எனவேதான் பெற்றோர் உறுதிமொழி எடுத்த அதே வாரத்தில் பிள்ளைக்கும் கடவுச்சீட்டு விண்ணப்பம் போக வேண்டும் என்கிறோம். டிஎஸ்-11 படிவம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கிரீன் கார்டு, பெற்றவரின் குடியுரிமை ஏற்புச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். பதினாறு வயதுக்குட்பட்டவருக்கு இன்றைய கட்டணம் 135 டாலர், அதற்கு மேல் 165 டாலர். பிள்ளையின் பழைய கிரீன் கார்டை, காலாவதி ஆகியிருந்தாலும், தூக்கி எறியாதீர்கள். சட்டப்படி எப்போது இங்கு குடியேறினார் என்பதற்கு அதுவே சாட்சி. காலாவதியே ஆகாத குடியுரிமைச் சான்றிதழ் வேண்டுமென்றால் என்-600 படிவம் இருக்கிறது. அதன் கட்டணம் 2024 ஏப்ரல் முதல் தாளில் 1,385 டாலர், இணையவழியில் 1,335 டாலர். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது சிறு தொகையா?

எங்கள் மனக்குறை இங்குதான். வெளிநாட்டில் தத்தெடுப்பு முழுமை பெற்று, அதற்கெனவுள்ள குடியேற்ற நுழைவிசைவில் வரும் குழந்தைகளுக்கு, 2004 முதல் இந்த அரசு விண்ணப்பமும் கட்டணமும் இன்றித் தானாகவே குடியுரிமைச் சான்றிதழ் அனுப்பி வருகிறது. நல்ல ஏற்பாடு, பாராட்டுகிறோம். அதே சட்டத்தால் அதே உரிமை பெறும் நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இல்லை? பெற்றோரின் குடியுரிமை விண்ணப்பத்தில் பிள்ளைகளின் விவரம் கேட்கப்படுகிறது. நாமும் எழுதிக் கொடுக்கிறோம். பெற்றோருக்குச் சான்றிதழ் அச்சாகும் நாளில் பிள்ளைக்கும் ஒன்று அச்சிடுவதற்குப் புதிய சட்டமன்று, நிர்வாக மனமே தேவை என்பது எங்கள் கருத்து.

இளைஞர்களுக்குத் தனியாக ஒரு சொல். குடியுரிமை தானாக வந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் பதினெட்டு நிறைந்த பிறகு பெற்றோர் உறுதிமொழி எடுத்திருந்தால், அது உங்களுக்கு வரவில்லை. நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் பிரிந்து, நீங்கள் குடியுரிமை இல்லாத பெற்றவரின் பொறுப்பில் வளர்ந்திருந்தாலும் வந்திராது. 2001 பிப்ரவரி 27 அன்று பதினெட்டைக் கடந்திருந்தவர்களுக்குப் பழைய சட்டம், அது இன்னும் கடுமையானது. குடிமகன் அல்லாதவர் தன்னைக் குடிமகன் என்று பொய்யாகக் கூறிக்கொள்வதை 1996-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு கடத்துவதற்குரிய காரணம் ஆக்கியிருக்கிறது. கல்லூரி வளாகத்தில் வாக்காளர் பதிவுப் படிவத்தை யாரோ நீட்டினார்கள் என்று கையெழுத்திடும் முன், வீட்டிற்குத் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, நீங்கள் உறுதிமொழி எடுத்தது எந்தத் தேதி?" என்று கேளுங்கள். ஊர்க் கடவுச்சீட்டை விட மனமில்லாமல் குடியுரிமை விண்ணப்பத்தை ஆண்டாண்டாகத் தள்ளிப்போடும் பெற்றோரும் பிள்ளையின் பதினெட்டாம் பிறந்தநாளை நாட்காட்டியில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.

எங்கள் மகனின் கடவுச்சீட்டு 2024-இல் வந்தது. உறையைப் பிரித்து, பிறந்த இடம் இந்தியா, குடியுரிமை அமெரிக்கா என்ற இரண்டு வரிகளையும் அவன் திரும்பத் திரும்பப் படித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் அளிக்க ஒரு விண்ணப்பம் ஆயத்தமாகிறது. என்-600 கட்டணத்தைச் செலுத்த இயலாமல் நிற்பவர்கள், துறைமுகத்திலோ வேலை வாய்ப்பிலோ கல்வி உதவித்தொகையிலோ சான்றின்றித் தடுக்கப்பட்டவர்கள், தங்கள் அனுபவத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். பிறந்த நாடு, குடியேறிய ஆண்டு, பெற்றவர் உறுதிமொழி எடுத்த ஆண்டு ஆகிய மூன்றை மட்டும் தவறாமல் குறிப்பிடுங்கள்.