சம்பளமில்லாமல் ஆள் சேர்ப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் அண்மையில் தனது மகனைப் பற்றிக் கவலையோடு பேசினார். மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கிறான். இரவு முழுவதும் கணனிக்கு முன்னால்தான். விசாரித்தால், இணையத்தில் பலர் ஒன்றாக விளையாடும் விளையாட்டொன்றைத் தயாரிக்கப் போகிறானாம். அதற்கு ஆள் சேர்க்கிறானாம்.

"எத்தனை பேர் வேணும்?"

"பதினைந்து பேர் வாப்பா."

"சம்பளம்?"

"ஒருத்தருக்கும் இல்லை. எல்லாரும் தொண்டர்கள்."

நண்பருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்திருக்கின்றன. "முப்பது வருஷமாகக் கடை நடத்துறேன். சம்பளம் குடுத்தே ஒரு பொடியனை ஆறு மாசம் நிப்பாட்டி வைக்க ஏலாமல் இருக்கு. இவன் சும்மா பதினைந்து பேரை வைக்கப் போறானாம்" என்றார்.

மகன் எழுதிய விளம்பரத்தை வாங்கிப் படித்தேன். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உலாவும் பெரிய உலகம். நிரல் எழுத ஐவர், படம் வரைய நால்வர், இசையமைக்க ஒருவர் என்று நீண்ட பட்டியல். கீழே, "இலாபம் வந்ததும் பங்கு தரப்படும்" என்று ஒரு வரி. நீ என்ன செய்வாய் என்று பையனைக் கேட்டேன். கதையும் யோசனையும் தன்னுடையவை என்றான்.

இத்தகையவர்களை வியாபாரிகளாகிய நாம் அடிக்கடி சந்திக்கிறோம். "யோசனை என்னுடையது, முதல் உங்களுடையது, இலாபம் பாதிக்குப் பாதி" என்று கடைக்கு வருவார்கள். ஒரு தேநீர் கொடுத்து அனுப்பி வைப்போம். பையன் கேட்பது பணமல்ல, பிறருடைய உழைப்பு. ஆனால் உழைப்பும் ஒரு முதல்தான். அதைக் கொண்டு வருபவனுக்கும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

இதை வைத்து, சம்பளமில்லாமல் ஒன்றும் நடக்காது என்று தந்தை முடிவு கட்டுவதும் பிழை. நடந்திருக்கிறது. "பெட்டில் ஃபோர் வெஸ்னோத்" என்ற விளையாட்டைப் பாருங்கள். 2003 ஜூனில் டேவிட் வைட் என்பவர் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். எளிமையானதுதான். ஆனால் இறக்கி விளையாடிப் பார்க்கக்கூடியதாக இருந்தது. பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். 2005 ஒக்டோபரில் 1.0 பதிப்பு வந்தது. இன்றும் அது இலவசம், இன்றும் தொண்டர்களே அதை வளர்க்கிறார்கள். அவர் யோசனையை விற்கவில்லை, சரக்கைக் காட்டினார். நிரல் மொழி தெரியாதவர்களும் புதிய போர்க்களங்களையும் கதைகளையும் எழுதிச் சேர்க்கத்தக்க எளிய குறிமுறை ஒன்றையும் அமைத்தார்கள். வாசல் அகலமாக இருந்ததால் ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

ஆகவே முதலாவது விதி, ஆள் கேட்கும் முன் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதுதான். அழகில்லாவிட்டாலும் பரவாயில்லை, இயங்க வேண்டும். கேட்கும் வேலையும் சிறியதாக, எல்லை தெரிந்ததாக இருக்க வேண்டும். "ஓவியர் தேவை" என்பது வேலையல்ல. "ஆறு மரங்களின் படம், இந்த அளவில், இரண்டு வாரத்தில்" என்பதுதான் வேலை. அதை முடித்துத் தந்தவரிடம் அடுத்ததைக் கேட்கலாம்.

இரண்டாவது, காலக் கணக்கு. "பிளாக் மீசா" என்பது "ஹாஃப் லைஃப்" விளையாட்டைப் புதுப்பித்து அமைக்கவென 2005இல் இரு தொண்டர் குழுக்கள் இணைந்து நடத்திய முயற்சி. 2009இல் வரும் என்றார்கள், வரவில்லை. இலவசமாக வெளியானது 2012 செப்டெம்பரில். அதுவும் கடைசிப் பகுதி இல்லாமல். மூல உரிமையாளரான வால்வ் நிறுவனத்தின் அனுமதியோடு விற்பனைக்கு வந்து, முழுமையடைந்தது 2020இல். பதினைந்து வருடம்! அதிலும் அது தனியொருவர் விளையாடுவது. பையன் கனவு காணும் வகைக்கு, வெளியிட்ட அன்றுதான் செலவே ஆரம்பிக்கும். சேர்வருக்கு மாத வாடகை, இரவு பகல் மேற்பார்வை, ஏமாற்றி ஆடுபவர்களைத் தடுக்கும் வேலை. கடையைக் கட்டி முடித்ததும் வாடகையும் மின்கட்டணமும் வந்து நிற்பது போலத்தான்.

மூன்றாவது, செய்த வேலை யாருக்குச் சொந்தம்? "ஸீரோ ஏ.டி." என்ற வரலாற்றுப் போர் விளையாட்டும் தொண்டர்களால் உருவானதே. அதன் வேலை 2000களின் ஆரம்பத்தில் தொடங்கியது. 2009 ஜூலையில் அதன் நிரலையும் படங்களையும் எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய உரிமங்களின் கீழ் திறந்துவிட்டார்கள். இதனால் தொண்டனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பெரிது. தொடங்கியவர் நாளை கைவிட்டாலும் அவன் செய்த வேலை ஒருவருடைய பெட்டிக்குள் பூட்டப்பட்டு அழியாது. இதே குழு 2013இல் முழுநேர ஊழியர்களை அமர்த்த 160,000 டொலர் பொதுமக்களிடம் திரட்ட முயன்றது. கிடைத்தது 33,000 டொலர் அளவுதான். உழைப்பைத் தரும் நல்ல மனதும் பணத்தைத் தரும் கையும் ஒன்றல்ல என்பதை இதிலிருந்து படிக்கலாம். "இலாபம் வந்ததும் பங்கு" என்று எழுதும் முன் அந்தப் பையன் இதை நினைத்துப் பார்க்கட்டும். எத்தனை வீதம், எந்தச் செலவு கழித்த பின், இடையில் விலகியவருக்கு என்ன என்று எழுதாத பங்கு, பங்கல்ல, வெறும் வார்த்தை. எழுத முடியாதென்றால், பணம் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுவதே மரியாதை.

பணம் இல்லாவிட்டாலும் கொடுக்கக்கூடிய கூலி ஒன்று இருக்கிறது. அது பெயர். 2024 ஜூலையில் "ஃபோல்அவுட் லண்டன்" என்ற தொண்டர் படைப்பு இலவசமாக வெளிவந்தது. அது வெளிவரும் முன்பே அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவரை, ஃபோல்அவுட் விளையாட்டுகளைத் தயாரிக்கும் பெதெஸ்டா நிறுவனமே வேலைக்கு எடுத்துக்கொண்டது. தொண்டன் செய்த வேலையைத் தன் பெயரில் மற்றவர்களுக்குக் காட்ட அனுமதிப்பதும், பெயர்ப் பட்டியலில் ஒழுங்காகச் சேர்ப்பதும் ஒரு சதமும் செலவில்லாத கூலி. அதையும் கொடுக்காதவன் ஆள் கேட்கக் கூடாது.

நான்காவது விடயம் பையனை விட நமக்கே முக்கியமானது. "அல்டிமா ஒன்லைன்" 1997இல் வெளியான விளையாட்டு. மாதக் கட்டணம் வாங்கும் வியாபாரம். விளையாடுபவர்களுக்கு உதவி செய்யத் தொண்டர்களை வைத்திருந்தார்கள். அவர்களில் சிலர் 2000ஆம் ஆண்டில், நாங்கள் செய்தது ஊழியர் வேலை, எங்களுக்குக் கூலி வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் சென்றார்கள். 2004இல் சமரசமாக முடிந்தது. ஏ.ஓ.எல். இணைய நிறுவனத்தின் மீதும் அதன் தொண்டர்கள் 1999இல் இப்படியே வழக்குத் தொடுத்தார்கள். பதினொரு வருடம் இழுபட்ட பின் 15 மில்லியன் டொலரில் அது தீர்ந்தது. ஒருபக்கம் முதலாளி காசு வாங்குகிறார். மறுபக்கம் வேலை செய்பவருக்கு நேரம் குறிக்கிறார், அறிக்கை கேட்கிறார். அந்த இடத்தில் "தொண்டர்" என்ற சொல் அதன் அர்த்தத்தை இழந்துவிடுகிறது.

நமது கடைகளிலும் "தொழில் பழகட்டும்" என்று சொல்லி மாதக் கணக்கில் ஒன்றும் கொடுக்காமல் பொடியன்மாரை நிறுத்தி வைப்பவர்கள் இல்லையா? அவன் பில் எழுதுகிறான், பொதி தூக்குகிறான், அந்த வேலையால் கல்லாவில் காசு விழுகிறது. அது பழக்கமல்ல, கடன். பழக்குவதென்றால் எதை, எத்தனை நாள், யார் பழக்குவது, முடிவில் என்ன என்று முதல் நாளே சொல்ல வேண்டும்.

நண்பரின் மகன் விளம்பரத்தைத் திருப்பி எழுதியிருக்கிறான். பதினைந்து பேர் ஒருவராகக் குறைந்துவிட்டார்கள். பெரிய உலகம், இருவர் விளையாடும் ஒரு சிறு கிராமமாகிவிட்டது. இப்போது அந்த ஒருவரைக் கேட்கும் முன் கிராமத்தைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறான். பெறுபேறு வந்ததும் படிப்பா, இதுவா என்ற கேள்வி வீட்டில் வரத்தான் செய்யும். அதுவரை அவனைத் திட்ட வேண்டாம் என்று நண்பரிடம் சொன்னேன். சம்பளம் கொடுக்க வழியில்லாத இடத்தில் ஒரு மனிதனை மரியாதையோடு நிறுத்தி வைக்கப் பழகுபவன், நாளை சம்பளம் கொடுக்கும் இடத்தில் நல்ல முதலாளியாக இருப்பான்.