வலிமையும் விரைவும்

பளுத் தூக்குவோன் உடல் இறுகி மந்தமாவான் என்னும் எண்ணம் விளையாட்டு வீரரிடையே நெடுங்காலம் நிலவியது. இன்றும் மாணவர் சிலரை விட்டு அது நீங்கிற்றில்லை. மிகுந்த பளுத் தூக்கினால் மட்டுமே போதும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கருத்தும் பொருந்தா என்பதே யாம் ஈண்டுக் கூற விழைவது.

அமெரிக்கக் குண்டெறி வீரர் பாரி ஓபிரயன், பயிற்றுநர் பலர் பளுவை விலக்கிய காலத்தே அதனைக் கைக்கொண்டவர். 1952, 1956 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்களில் அவர் தங்கப் பதக்கம் பெற்றார். 1954-இல் 60 அடி எல்லையை முதன்முதற் கடந்தவரும் அவரே. பளு அவரை மந்தமாக்கியிருப்பின் இஃது இயலுமோ?

ஆயினும் வலிமை ஒன்றே வெற்றி தாராது. தசை தன் முழு விசையையும் திரட்டுதற்கு ஏறக்குறைய 3/10 நொடியோ, அதனினும் மிகுதியோ வேண்டும். விரைந்தோடுவோன் அடி நிலத்திற் படிந்திருப்பதோ ஏறக்குறைய 1/10 நொடியே. எனவே, எத்துணை வலிமை உளது என்பதினும், அக்குறுகிய பொழுதில் எத்துணை வெளிப்படும் என்பதே பெரிது. சுமை மிகுந்தால் தசை சுருங்கும் விரைவு குறையும் என்பதை ஆங்கில உடலியல் அறிஞர் ஏ. வி. ஹில் 1938-இல் அளந்து காட்டினார். ஆதலின் பெருஞ்சுமை தூக்குதல் அடித்தளமாக, இலேசான சுமையை விரைந்து வீசுதலும் குதித்தலும் அதன்மேல் எழுப்பும் மாடமாக அமைதல் வேண்டும்.

சோவியத்து நாட்டுப் பயிற்றுநர் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960-களில் வகுத்த முறையும் இக்கருத்தினதே. மேடையினின்று கீழே குதித்து, அடி நிலந்தொட்ட அக்கணமே வீரன் மேலெழுதல் வேண்டும். அப்போது இழுபட்ட தசையும் தசைநாணும் வளைத்த வில்லைப்போல் மீள்கின்றன. ஆனால், கால் வலுப்பெறாதார் இதனை முதலிலேயே மேற்கொள்ளின் மூட்டு ஊறுபடும். தொடங்குவோர்க்குத் தரையிற் செய்யும் சிறு குதிப்புகளே அமையும்.

இவை யாவும் சில முறையே செய்து, இடையிடையே நன்கு இளைப்பாறற்குரியன. களைத்த கால் விரைவைக் கற்பதில்லை. அங்ஙனமாகவும், நூறு மீட்டர் ஓடுவோனையும் நீளந்தாண்டுவோனையும் மூச்சு முட்டுமட்டும் களத்தைச் சுற்றி ஓடவைத்து, வியர்வையின் அளவே பயிற்சியின் அளவு எனக் கொள்ளும் வழக்கம் பல இடங்களிற் காணப்படுகின்றது. மாணவனுக்குக் கல்லூரியிற் கிடைப்பன மூன்றே ஆண்டுகள். அவற்றைப் பயனற்ற வட்டங்களிற் கழித்தால் மீட்டுத் தருவார் யார்? ஓர் இருப்புத் தண்டும், சில பளு வட்டுகளும், ஒரு மணற்குழியும், முறையறிந்த ஆசிரியர் ஒருவரும் இருப்பின் ஏழைக் கல்லூரியும் இப்பயிற்சியைத் தொடங்கலாம். களம் சுற்றுதல் நெடுந்தூரம் ஓடுவோர்க்கு ஆகுக. தாண்டுவோர்க்கும் எறிவோர்க்கும் அவரவர்க்குரிய பயிற்சியை அளித்தலே நீதி.